நிறுத்தும் உரிமை: தீவகத்து மரத்தொழிலும் பழைய வாளியந்திரமும்

1

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாறு பற்றிய ஆய்வுகள் நிலவுடைமை, சாதியமைப்பு, சமயம், கல்வி ஆகிய துறைகளிலே கணிசமான பயனைத் தந்துள்ளன. உழைப்போர் கையிலிருந்த கருவிகளின் வரலாறு அந்த அளவுக்கு நோக்கப்பட்டதில்லை. கருவி உற்பத்திச் சக்திகளின் ஓர் உறுப்பு என்பதைக் கோட்பாட்டளவில் ஏற்றுக்கொள்வோரும், குறிப்பிட்ட ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்திற் பழுதடைகிறது, யாருடைய கையைக் காயப்படுத்துகிறது என்னும் வினாக்களைத் தொழில்நுட்பவியலாரிடம் விட்டுவிடுகின்றனர். இவ்வினாக்களும் சமூக வரலாற்றின் வினாக்களே என்பது எமது கருத்தாகும்.

மரவேலைப் பட்டறையில் ஒருவர் விரலை இழக்கும்போது ஊரார் சொல்லும் முதற்சொல் ‘கவனக்குறைவு’ என்பதாகும். இச்சொல் விபத்தின் காரணத்தை விபத்துக்குள்ளானவரின் மனத்தினுள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. அவர் கையாண்ட இயந்திரத்துக்குக் காப்புறை இருந்ததா, மின்னோட்டம் சீராக வந்ததா, வேலையை இடையிலே நிறுத்த அவருக்கு உரிமை இருந்ததா என்பன அதன்பின் வினவப்படுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களை யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் மரத்தொழிலை நிலைக்களனாகக் கொண்டு வினவ முயல்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர் என்பவற்றை உள்ளடக்கிய பரப்பையே இங்குத் தீவகம் என்கிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஆங்கிலத்தில் ‘றேடியல் ஆம் சோ’ எனப்படுவது. தமிழில் ஆரைக்கை வாள் எனலாம். அது தீவகத்திலே பெருவழக்கானது என்று நாம் கூறவரவில்லை. படகு திருத்தும் பட்டறைகளிலும் கதவு, யன்னல் செய்யும் பட்டறைகளிலும் வழங்குவன பலவகை வட்டவாள்கள். அவற்றுள், பழைய இயந்திரம் ஒன்று தான் பிறந்த நாட்டைவிட்டு வேறொரு சமூக அமைப்பினுள் நுழையும்போது எழும் சிக்கல்கள் அனைத்தையும் ஒருங்கே காட்டவல்லது என்பதனால் இதனைத் தெரிந்துகொண்டோம்.

2

தீவகத்தின் வரலாறு கலங்களின் வரலாறாகும். நயினாதீவிலே கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைக் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம் ஊராத்துறைக்கு வந்து சேரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் கெட்டால் நான்கில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று கூறுகள் உடையவனுக்கும் உரியன. வாணிபப் பண்டம் ஏற்றிவந்த கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு உரியது. கடலிலே அழிவு நேரும் என்பதை அரசு முன்னரே எண்ணிப் பார்த்து அதற்கு விதி செய்திருக்கிறது. அவ்விதி சரக்கைப் பற்றியது. கலத்தைக் கட்டியவன், செலுத்தியவன் ஆகியோருடைய உடலுக்கு நேரும் அழிவு இப்பகுதியிலே பேசப்படவில்லை. உடைமையின் இழப்பு முதலிற் கணக்கிடப்படுவதும் உழைப்பவனின் இழப்பு மிகப் பிந்தியே கணக்கில் ஏறுவதும் வர்க்க சமுதாயங்களின் பொது இயல்பு என்பதற்கு இது தொன்மையான ஒரு சான்றாகும்.

இத்தீவோடு தொடர்புறுத்தப்படும் மற்றொரு மூலம் மணிமேகலை. அதில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என ஆய்வாளர் சிலர் கொள்வர். அதே காப்பியம், அரசனுடைய மண்டபம் ஒன்றை மகதம், மராட்டம், அவந்தி ஆகிய நாடுகளிலிருந்து வந்த கைவினைஞரும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடிச் செய்ததாகக் கூறுகிறது. அந்நியத் தொழில்நுட்பம் இங்கு அதனை அறிந்த மனிதரோடு சேர்ந்து வருகிறது. அருகே நின்று கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பிற்காலத்தில் மனிதர் வராமற் பொருள் மட்டும் வந்து சேர்ந்த நிலைமையோடு இதனை ஒப்பிடுதல் தகும்.

போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைகளின் துறை என்ற பொருள்படத் தம் மொழியிலே வழங்கினர். கயிற்ஸ் என்ற பெயர் துறையைக் குறிக்கும் அவர்தம் சொல்லின் திரிபு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டுமே பிறமொழிகளில் இன்றுவரை நிலைத்துள்ளது. அவர்கள் காலத்திலே பனைமரம் யாழ்ப்பாணத்தின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாயிருந்தது. சோழமண்டலக் கரைக்கு வளைகளும் சலாகைகளும் சென்றன. ஊழியம் என்னும் கட்டாய உழைப்பு முறை நிலவிய காலமும் அதுவே.

தீவகத்துக்குரிய மரம் பெரும்பாலும் பனையே. வேம்பு, இலுப்பை, பாலை, முதிரை முதலிய மரங்களுக்குப் பெருநிலத்தையும் வன்னியையும் நாடவேண்டும். பனையோ வைரம் புறத்திலும் சோறு அகத்திலுமாக அமைந்தது; நெடுக்காக ஓடும் கரிய நார்களைக் கொண்டது. ஆகவே கோடரியால் வீழ்த்தி, ஆப்பு இறுக்கி நெடுக்காகப் பிளப்பதே அதற்கேற்ற முறையாயிற்று. ஏனைய மரங்களைச் சாய்வாக உயர்த்தி நிறுத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளால் அரிவர். வாய்ச்சி, உளி, சீவுளி, துறப்பணம் ஆகியன எஞ்சிய வேலையைச் செய்தன. படகும் தோணியும் கட்டுபவரை யாழ்ப்பாணத்தார் ஓடாவி என்பர். வடிவத்தைத் தாளில் வரையாமல் மனத்திலும் கண்ணளவிலும் கொண்டு கலம் கட்டியவர்கள் அவர்கள். தீவகத்துக்கு அப்பால் வல்வெட்டித்துறையில் இம்மரபிலே கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை அம்மரபின் ஆற்றலுக்குப் பலரும் அறிந்த சான்றாகும்.

கைவாளின் ஓர் இயல்பை இவ்விடத்தே மனங்கொள்ள வேண்டும். அதனை இயக்கும் ஆற்றல் அரிபவரின் உடலிலிருந்தே வருகிறது. கை நின்றால் வாளும் நிற்கும். கீழே நிற்பவரின் கண்ணில் மரத்தூள் விழும், மரம் சரியக்கூடும், உடல் தளரும் என்பன உண்மை. எனினும் கருவியை நிறுத்தும் அதிகாரம் கருவியைப் பிடித்த கையினின்றும் பிரியவில்லை. இயந்திரம் செய்த அடிப்படை மாற்றம் இப்பிரிவே எனலாம்.

3

மரம் அரியும் தொழிலை இயந்திரமயமாக்கியதில் ஒல்லாந்துக்குச் சிறப்பிடம் உண்டு. கொர்னெலிஸ் கொர்னெலிசூன் என்பவர் காற்றாலையின் சுழற்சியை வாளின் ஏற்றஇறக்க அசைவாக மாற்றும் பொறிக்கு 1593 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஒல்லாந்தின் கப்பற் கட்டுமானம் பெருகியதற்கு இக்காற்று வாளாலைகள் ஒரு காரணமாயின. தீவகத்துக்குப் பெயரிட்டவர்களின் கப்பல்கள் இத்தகைய தொழில்வளத்தின் விளைவேயாகும்.

இதே வாளாலை பற்றிய ஒரு செய்தியை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் இயந்திரம் பற்றிய அதிகாரத்திலே குறிப்பிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் ஒருவர் இலண்டனுக்கு அண்மையில் நிறுவிய காற்று வாளாலை மக்களின் எதிர்ப்பால் அழிந்தது. இத்தகைய எதிர்ப்புகளைப் பேதைமை என்று ஒதுக்காத மார்க்ஸ், இயந்திரத்தையும் மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்தி அறியத் தொழிலாளர்க்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று விளக்குகிறார். எமது ஆய்வுக்கும் இவ்வேறுபாடே திறவுகோலாகும். வாளியந்திரத்தை வெறுத்துக் கைவாளுக்கு மீளுமாறு கூறுவது வரலாற்றுக்கு முரணானது. இயந்திரம் எந்த உறவுகளின் கீழ் இயங்குகிறது என்பதே வினா.

வட்டவாளுக்கு இங்கிலாந்திலே சாமுவேல் மில்லர் 1777 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1844 ஆம் ஆண்டின் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரப் பகுதிகளுக்கு வேலியிடுவதைக் கட்டாயமாக்கியது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உள்ளன. காப்பு இயந்திரத்தோடு உடன்பிறந்ததன்று. இயந்திரத்தின் பின்னால், போராட்டங்களின் வழியாக வந்து சேர்ந்தது. மரவேலை இயந்திரங்களுக்கென்று தனிப்பட்ட பிரித்தானிய ஒழுங்குவிதிகள் வெளிவந்த ஆண்டு 1922. ஐக்கிய அமெரிக்காவில் றேமண்ட் டிவால்ட் ஆரைக்கை வாளை உருவாக்கிய ஆண்டும் அதுவே. 1924 இல் அவர் தம் பெயரிலே நிறுவனம் தொடங்கினார். 1925 இல் உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஒரு மனிதர் பல மனிதரின் வேலையைச் செய்யலாம் என்பதே இதன் ஈர்ப்பாயிருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தார் வீடுகளிலும் இது பரவிற்று. பின்னர் இலகுவான வேறு வாள்கள் வந்து இதன் இடத்தைப் பிடித்தன. இவ்வாறு பழையதாகிப்போன இயந்திரமே எமது ஆய்வுப் பொருள்.

4

ஆரைக்கை வாளின் அமைப்பு எளியது. மேசையின் பின்புறத்தில் ஒரு தூண். தூணிலிருந்து மேசைக்கு மேலாக முன்னோக்கி நீளும் ஒரு கை. அக்கையின் தடத்திலே முன்னும் பின்னும் ஓடும் ஓடம். ஓடத்திலே தொங்கும் மோட்டர். மோட்டரின் தண்டிலேயே பூட்டப்பட்ட வாள்தட்டு. மரம் மேசையிற் பின்புறத் தடுப்புப் பலகையோடு சேர்த்து அசையாது வைக்கப்படும். வாளே மரத்தை நோக்கி இழுத்துவரப்படும். கையையும் மோட்டரையும் பல கோணங்களிலே திருப்பலாம். குறுக்கறுப்பு, சாய்வறுப்பு, நெடுக்கறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே இயந்திரம் செய்யும்.

அபாயமும் இவ்வமைப்பிலேயே உள்ளது. வாளின் பற்கள் மரத்தைக் கீழேயும் தடுப்புப் பலகையை நோக்கியும் அழுத்தும் திசையிற் சுழல்கின்றன. அதனால் மரம் நிலையாக நிற்கிறது. ஆனால் அதே சுழற்சி வாளை மரத்தின்மேல் ஏறி முன்னோக்கி, அதாவது அதனை இழுப்பவரை நோக்கி, ஓடிவரச் செய்கிறது. கைவாளை மனிதர் இழுக்கவேண்டும். இவ்வாளையோ இழுக்கும் கையே தடுத்து அடக்கவேண்டும். முழங்கையை மடக்காது விறைப்பாகப் பிடித்து மெதுவாக இழுத்தல், மரத்தைப் பிடிக்கும் கையை வாளின் பாதையிலிருந்து ஒரு சாணேனும் விலக்கி வைத்தல், ஒரு கைக்குக் குறுக்கே மறு கையைக் கொண்டுசெல்லாமை, ஒவ்வோர் அறுப்பின் பின்னும் ஓடத்தைத் தடுப்புப் பலகைக்கு அப்பாலே தள்ளிவிட்டே மரத்தைத் தொடுதல் ஆகிய விதிகள் இதிலிருந்தே பிறக்கின்றன. பற்களின் முன்சாய்வு மிகுந்த வாள்தட்டு இவ்வோட்டத்தை மிகுவிக்கும். ஆகவே சாய்வற்ற அல்லது சற்றே பின்சாய்வு கொண்ட பற்களையுடைய தட்டே இவ்வியந்திரத்துக்கு உரியது.

நெடுக்கறுப்பு இதனினும் கடுமையானது. அப்போது வாள் ஓரிடத்தில் இறுக்கப்பட்டு மரமே தள்ளப்படுகிறது. பற்கள் எதிர்த்து வரும் பக்கத்திலிருந்தே மரத்தைச் செலுத்தவேண்டும். மறுபக்கத்திலிருந்து செலுத்தினால் வாள் பலகையைப் பற்றி ஈட்டிபோல எறிந்துவிடும். தள்ளிய கையும் அதனோடு இழுபடும். சரியான பக்கத்திலிருந்து செலுத்தினாலும் அறுத்த பிளவு மீளச் சேர்ந்து வாளை நெரிக்குமாயின் பலகை பின்னோக்கி உதைக்கும். பிளவை விரித்துவைக்கும் தகடும் உதைப்பைத் தடுக்கும் நகங்களும் இதற்காகவே உள்ளன. பலகைக்கு நேர்பின்னே நிற்றல் ஆகாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் இவ்வாளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைக் கொண்டுள்ளன. மேற்புறத்துக்கு நிலையான உறை, கீழ்ப்புறத்துக்கு மரத்தின் தடிப்புக்கேற்பத் தானாக உயர்ந்து தாழும் காப்பு, நெடுக்கறுப்புக்கு உதைப்புத் தடுப்பு நகங்கள், ஓடம் மேசையைக் கடந்து வராமல் ஒரு தடை என்பன அங்கே வேண்டப்படுகின்றன. கையை விட்டால் ஓடம் தானே பின்சென்று நிற்குமாறு முன்புறத்தைச் சிறிது உயர்த்திப் பொருத்த வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. இறுதியிற் கூறியது எம் கவனத்துக்குரியது. கைவாளில் இயல்பாக இருந்து இயந்திரத்தில் இழக்கப்பட்ட பண்பு, அதாவது கை நின்றால் வாளும் அபாயமற்ற இடத்திலே நிற்பது, சட்டத்தின் வாயிலாக ஓரளவு மீட்கப்படுகிறது. காப்பு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை: நிறுத்தும் அதிகாரத்தை உழைப்பவரிடம் மீள ஒப்படைப்பதே காப்பு.

2000 ஆம் ஆண்டு நவம்பரில் எமர்சன் நிறுவனம், 1958 தொடக்கம் 1992 வரை சியர்ஸ் கடைகளில் ‘கிராவ்ற்ஸ்மன்’ என்னும் பெயரில் விற்பனையான ஏறத்தாழ 37 இலட்சம் ஆரைக்கை வாள்களுக்கு மீளழைப்பு விடுத்தது. வாள்தட்டை முழுமையாக மூடும் காப்பு அவற்றில் இல்லாமையே காரணம். பொருத்தக்கூடியவற்றுக்குப் புதிய காப்பு இலவசமாக வழங்கப்பட்டது; பொருத்த இயலாதவற்றுக்கு மோட்டரைத் திருப்பி அனுப்பினால் நூறு டொலர் தரப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேலாகக் ‘கவனக்குறைவு’ எனக் கருதப்பட்டிருக்கக்கூடிய காயங்களின் பின்னணியில் வடிவமைப்பின் குறையும் இருந்தது என்பதை இம்மீளழைப்பு உலகறியச் செய்தது.

5

இத்தகைய இயந்திரம் ஒன்று பாவித்த பொருளாகக் கைமாறித் தீவகத்துப் பட்டறை ஒன்றை வந்தடையுமாயின் நிகழ்வது என்ன? அதனோடு கையேடு வராது. காப்புறை கழன்றிருக்கும். பிறந்த நாட்டின் விதிகள் அதனோடு கப்பலேறுவதில்லை. வரும் இடத்தின் நிலைமைகளோ வேறானவை.

முதலாவது மின்சாரம். வட அமெரிக்க மோட்டர்கள் 60 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்துக்கென ஆக்கப்பட்டவை. இலங்கையில் வழங்குவது 230 உவோற்று, 50 ஹேர்ட்ஸ். நிமிடத்துக்கு 3450 சுற்றுகள் சுழலவேண்டிய மோட்டர் இங்கு ஏறத்தாழ 2850 சுற்றுகளே சுழலும். அதே அழுத்தத்தில் வழமையைவிட அதிகம் சூடேறும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையோடு இணைக்கப்படாமல் நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. இம்மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய ஒளி ஆகியவற்றையும் பயன்படுத்தும் கலப்பு மின்திட்டத்துக்கு 2022 இல் இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. சிறிய மின்வலையிலும், நீண்ட மெல்லிய வயரின் நுனியிலும் அழுத்தம் எளிதில் வீழ்ந்துவிடும். இவ்வகை மோட்டரின் முறுக்குவலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவது. அழுத்தம் பத்து வீதம் குறைந்தால் முறுக்குவலு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று குறைந்துவிடும். அறுப்பின் நடுவே வாள் திணறும். திணறிய வாளை விடுவிக்க மனிதர் மேலும் இழுப்பர். வாள் திடீரென விடுபட்டு முன்னோடி வரும். இங்குக் கவனக்குறைவு என்ற விளக்கம் பொருந்துமா? மின்வலையின் வறுமையன்றோ கையிற் காயமாகிறது!

இரண்டாவது கடற்காற்று. உப்புக் காற்றிலே தூணும் தடமும் துருவேறும். தடத்திற் படியும் மரப்பிசினும் தூளும் ஓடத்தைத் தடக்கச் செய்யும். அதற்கு எண்ணெய் இடுவது வழக்கமான தவறு. எண்ணெயிலே தூள் மேலும் ஒட்டிக்கொள்ளும். துடைத்துச் சுத்தம் செய்து உலரவிடுதலே முறை. மூன்றாவது மரம். பழைய படகின் பலகைகளை மீள அரியும்போது உள்ளே ஆணிகள் மறைந்திருக்கும்; பலகையைக் கண்ணாலும் காந்தத்தாலும் சோதித்த பின்னரே வாளுக்குக் கொடுக்கவேண்டும். செம்பாணியைக் காந்தம் காட்டாது என்பதும் நினைவிலிருக்கவேண்டும். பனஞ்சலாகையின் நார்கள் பிய்ந்து சிராயாகத் தெறிக்கும். முதிரையின் தூள் சிலருக்குத் தோலழற்சியை உண்டாக்கும். மரத்தூள் பொதுவாகவே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியிலே நிறுவிற்று.

பழுதறியும் முறைமையும் ஓர் அறிவொழுங்கே. எந்தச் சோதனைக்கும் முன் மின்செருகியைக் கழற்றிக் கண்முன்னே வைத்தல் வேண்டும். மோட்டர் முனகி நின்றால், தொடக்கக் கொள்ளளவியோ, தொடக்க வேகத்தின் பின் தானே விலகவேண்டிய உள்ளாளியோ பழுதுற்றிருக்கலாம். உள்ளாளியின் முனைகளில் மரத்தூள் அடைவது பழைய மோட்டர்களிற் பொதுவானது. கொள்ளளவி செருகி கழன்ற பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கிநிற்கக்கூடும் ஆகையால் அறிந்தவரே அதனைத் தொடவேண்டும். மேலுறை வெடித்த பழைய வயரையும் புவித்தொடுப்பு இல்லாத இணைப்பையும் மாற்றாமல் இயந்திரத்தை ஓட்டுதல் கூடாது.

அறுப்பு மூலைமட்டத்துக்கு அமையாவிடின் ஒன்றை மட்டும் திருகிச் சரிசெய்ய முயல்வது பயனளிக்காது. ஒன்றன்பின் ஒன்றாக ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தூண், கை, ஓடத்தின் உருளைகள் ஆகியவற்றின் ஆட்டத்தை நீக்கவேண்டும். அதன்பின் வாள்தட்டைக் கழற்றி, மோட்டரின் தண்டைக் கீழ்நோக்கித் திருப்பி மேசையின்மேல் எங்கும் நகர்த்தி, மேசை எல்லா இடத்திலும் கைக்குச் சம இடைவெளியில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். அடுத்து வாளின் பாதை தடுப்புப் பலகைக்குச் செங்குத்தாகவும், தட்டு மேசைக்குச் செங்குத்தாகவும் அமைக்கப்படும். இறுதியாக, தட்டின் முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டிற் செல்கின்றனவா என்பதை மூலைமட்டம் கொண்டு சோதிக்கவேண்டும். பின்பல் விலகிச் சென்றால் அறுப்பு அகலும், மரம் கருகும், விளிம்பு பிய்யும். நெடுக்கறுப்பில் அதுவே பின்னுதைப்புக்குக் காரணமாகும். மரத்தின் முகத்திலே தெரியும் கருகல் இயந்திரத்தின் பழுதைக் கூறும் எழுத்தாகும். அதனை வாசிக்கத் தெரிந்தவர் அடுத்து நிகழக்கூடிய விபத்தையும் முன்னரே அறிகிறார்.

தளர்ந்த சாரத் தலைப்பு, கையுறை, கைக்கடிகாரம் ஆகியன சுழலும் வாளருகே ஆகா. சிறு துண்டுகளைக் கையாற் பிடித்து அறுக்காமல் இறுக்கியாற் பிணித்தே அறுக்கவேண்டும். ஆளியை நிறுத்திய பின்னும் பழைய தட்டு சிறிதுநேரம் சுழலும். அது நிற்கும்வரை கை அருகே செல்லலாகாது. காப்புறை இல்லாத இயந்திரத்துக்குப் பொருத்தமான காப்புறை கிடைக்காவிடின் அதனை ஓட்டாது விடுவதே முறையாகும்.

6

இவ்விதிகளை அறிந்திருப்பதும் அவற்றைக் கடைப்பிடிக்கும் நிலையில் இருப்பதும் வெவ்வேறானவை. ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூலில், முதலாளித்துவம் சிந்தனையையும் செயலையும் பிரித்துச் சிந்தனையை முகாமையிடமும் செயலைத் தொழிலாளியிடமும் வைத்ததை விளக்கினார். தீவகத்து ஓடாவியிடம் இப்பிரிவு முற்றாக நிகழவில்லை. பழுதை அறிபவரும் திருத்துபவரும் அரிபவரும் அவரே. ஆயின் கொந்தராத்தும் நாட்கூலியும் வேறொரு பிரிவை உண்டாக்கியுள்ளன. ஒப்பந்த நாளுக்குள் கதவும் நிலையும் முடியவேண்டும். மின்சாரம் உள்ளபோதே அரிந்து தீரவேண்டும். காப்புறையைப் பொருத்தும் அரைமணி நேரத்துக்குக் கூலி தருவார் எவருமில்லர். வாள் திணறும்போது வேலையை நிறுத்தும் அறிவு அவரிடம் உண்டு. நிறுத்துவதற்கான பொருளாதார உரிமை அவரிடம் இல்லை.

இலங்கையின் சட்டம் இத்துறையிலே வெறுமையாக இல்லை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் உண்டு. பிந்தியது அபாயமான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பிடுமாறு பணிக்கிறது. முந்தியதன் அட்டவணை கை, கட்டைவிரல், சுட்டுவிரல் என ஒவ்வோர் உறுப்பின் இழப்பையும் உழைப்பாற்றலின் நூற்றுவீதமாகக் கணிக்கிறது. உடலை வீதமாகக் கூறுபோடும் இக்கணிப்பு உழைப்புச்சக்தி பண்டமாயிற்று என்பதன் அப்பட்டமான வெளிப்பாடேயாகும். எனினும் அது தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தத்தாற் கிடைத்த பேறு என்பதையும் மறத்தலாகாது. இவ்விரு சட்டங்களும் வேலைகொள்வோன், வேலைசெய்வோன் என்னும் உறவை அடிப்படையாகக் கொண்டவை. தன் வளவிலே தன் மகனோடு அல்லது மருமகனோடு சேர்ந்து தொழில் செய்யும் ஓடாவிக்கு நட்டஈடு தரவேண்டியவர் யார்? கூலியுழைப்பாளியின் விரலுக்கு அற்பமேனும் ஒரு விலை உண்டு. சிறு உற்பத்தியாளரின் விரலுக்கு அதுவும் இல்லை.

போர் இந்நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கான மின்வழங்கல் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்டன. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்களிற் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர். பட்டறைகள் கைவிடப்பட்டன. குடாநாட்டிலே தங்கியவர்கள் கைவாளுக்கும் சீவுளிக்கும் மீண்டனர். ஒரு தலைமுறை இயந்திரப் பழக்கமின்றியே தொழில் கற்றது. போரின் பின் வீடுகள் மீளக் கட்டப்பட்டபோது, புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் வேலையையும் இயந்திரத்தையும் ஒருங்கே பெருக்கியது. பழைய தலைமுறையின் அனுபவத்துக்கும் புதிய இயந்திரத்தின் வேகத்துக்கும் இடையே பாலம் இருக்கவில்லை. இதே காலப்பகுதியில் மரப்படகின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்துவிட்டது. நோர்வே உதவியோடு 1960களின் பிற்பகுதியிலே காரைநகரில் உருவான சீநோர் நிறுவனம் இம்மாற்றத்தின் தொடக்கத்தைக் குறிக்கும். கலம் கட்டிய கைகள் கதவும் கட்டிலும் செய்யத் திரும்பின. ஒரே அளவான துண்டுகளை விரைந்து அரியவேண்டிய இவ்வேலையிலேதான் வட்டவாள் இன்றியமையாததாகிறது.

7

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, காப்பு என்பது தனிமனிதரின் கவனத்திலோ இரும்புத் தகட்டிலோ மாத்திரம் தங்கியதன்று; மின்வலை, கூலிமுறை, சட்டம், போர் ஆகியனவெல்லாம் அதனை ஆக்கவும் அழிக்கவும் செய்கின்றன. இரண்டாவது, பழைய இயந்திரம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது அதன் ஆற்றல் குறையாமற் செல்கிறது. அதனைச் சூழ்ந்திருந்த விதிகளும் போராட்ட மரபும் பின்தங்கிவிடுகின்றன. மூன்றாவது, ஓடாவியின் பழுதறியும் அறிவு வெறும் கைப்பழக்கமன்று. கருகலையும் முனகலையும் அதிர்வையும் கொண்டு காரணத்தை ஊகித்துச் சோதித்து உறுதிசெய்யும் அம்முறை விஞ்ஞான முறையேயாகும்.

இம்மூன்றாவது முடிவு தமிழ் ஆய்வுலகின் முன் ஒரு கடமையை வைக்கிறது. ஓடாவிகளின் சொற்களையும் அவர்களின் பழுதறியும் முறைகளையும் வாய்மொழியாகச் சேகரித்து எழுத்தில் அமைத்தல் வேண்டும். வாய்ச்சிக்கும் துறப்பணத்துக்கும் எம்மிடம் சொல் உண்டு. பின்னுதைப்புக்கும் பிளவுத் தகட்டுக்கும் பட்டறைகள் தாமே ஆக்கிக்கொண்ட சொற்கள் இருக்கக்கூடும். அவற்றைத் தேடாது அகராதியில் மட்டும் கலைச்சொல் ஆக்குவது பயனற்றது. அவ்வாறு தொகுத்தவற்றை ஓரிரு பக்கங்களில் அச்சிட்டு, கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகவும் தொழிற்பயிற்சி நிலையங்களின் வழியாகவும் பட்டறைச் சுவர்வரை கொண்டுசெல்லலாம். அதே சங்கங்கள் சிறு பட்டறைகளுக்குக் காப்புறைகளைக் கூட்டாக வாங்கவும், தனித்தொழில் செய்வோருக்கும் நட்டஈடு கிடைக்கும் ஏற்பாட்டைக் கோரவும் முன்வரலாம். சரக்குக்கு விதி செய்த கல்வெட்டு நயினாதீவிலே எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. அரிபவரின் கைக்கு விதி செய்யும் வேலை இன்னும் முடியவில்லை.